தோட்டத்துப் பாதையை யார் போட வேண்டும்? மத்திய அரசா, மாகாணமா, பிரதேச சபையா?

கொட்டகலைத் தூறல் (கேள்வி)

வணக்கம். எங்கள் பெருந்தோட்டத்து டிவிசன் (தோட்டப் பிரிவு) சங்கத்தின் சார்பில் கேட்கிறேன். மூன்று விடயங்கள், மூன்றும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

முதலாவது, ஏ7 வீதியிலிருந்து பிரிந்து மேல் டிவிசனுக்கு ஏறும் பாதை. நடுவில் ஒரு மதகு இடிந்து கிடக்கிறது. பிரதேச சபையில் கேட்டால் "அது தோட்டப் பாதை" என்கிறார்கள். தோட்ட ஒபிசில் கேட்டால் "சபைக்கு எழுதுங்கள்" என்கிறார்கள். இரண்டாவது, பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதா, மாகாணத்துக்கா, நேரே இசுருபாயவுக்கா (மத்திய கல்வி அமைச்சு)? மூன்றாவது, ஓய்வுபெற்ற தொழிலாளி குடும்பம் ஒன்றுக்குக் காணியை விட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்திருக்கிறது. கண்டியில் இருக்கும் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனால் சரிவருமா?

மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் என்றாலே எல்லாரும் வடக்கு கிழக்கைத்தான் பேசுகிறார்கள். மத்திய மாகாணத்துத் தோட்டத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? மாகாண சபையே கூடாத இந்தக் காலத்தில் அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது? விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

ஒன்பதாம் அட்டவணை

தம்பி, முதலில் படத்தைப் பெரிதாக விரித்துப் பார்ப்போம். பிறகு மதகுக்கு வரலாம்.

1987 யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். அதே ஆண்டு நவம்பரில் 13ஆவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரிக்கிறது: மாகாண சபை நிரல், மத்திக்கு மட்டும் உரிய ஒதுக்கிய நிரல், இரண்டு பேருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். பாதுகாப்பு, வெளிவிவகாரம், நாணயம், குடியுரிமை எல்லாம் ஒதுக்கிய நிரலில். உள்ளூராட்சி மேற்பார்வை, மாகாணப் பாடசாலைகள், போதனா வைத்தியசாலை தவிர்ந்த வைத்தியசாலைகள், மாகாணத்துக்குள்ளான வீதிகள், மாகாணத்துக்குள் ஓடும் பஸ் ஆகியவை மாகாண நிரலில்.

நிரல்களை மட்டும் வாசித்தால் மாகாணம் பெரிய ஆள் போலத் தெரியும். ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒதுக்கிய நிரலின் தலையிலேயே "எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை" என்று ஒரு வரி உண்டு. கல்வி மாகாணத்தினுடையது, கல்விக் கொள்கை கொழும்பினுடையது. சுகாதாரமும் அப்படித்தான். கொள்கை எங்கே முடிகிறது, நிர்வாகம் எங்கே தொடங்குகிறது என்று அந்த அட்டவணை கோடு போடவில்லை. கோடு போடாத இடத்தில் பணம் யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதே எடுபடும்.

தோட்டத்துக்கு முக்கியமான வரி இன்னொன்று. மாகாண நிரலில் விவசாயம் இருக்கிறது. ஆனால் அதே வரியிலேயே அரச காணியும் பெருந்தோட்ட விவசாயமும் விலக்கப்பட்டுள்ளன. மாகாண விவசாயத் திணைக்களத்து உத்தியோகத்தர் வலப்பனையில் மரக்கறி செய்கிறவருக்கு ஆலோசனை சொல்லலாம். பக்கத்து மலையில் கம்பனி வைத்திருக்கும் தேயிலை அவர் எல்லைக்கு அப்பால். ஆகவே மலையகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் முதல் கேள்வி "எந்த அரசு?" அல்ல, "இந்த நிலம் யாருடையது?" என்பதே. அதற்கு விடை கிடைத்த பிறகுதான் நிரல்களைத் திறப்பதில் பயன்.

அந்த விடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுவந்தன. ஜனவசம என்று நாம் சொல்லும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பிறகு அது 53 ஆண்டுக் குத்தகையானது, முடிவது 2045இல். அதாவது கம்பனி குத்தகைக்காரர், சொந்தக்காரர் அரசு. மாகாணம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இந்தியத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு மாகாணத்தை மாநிலம் என்று நினைப்பவர்கள் பலர். அங்கே பொலிஸும் காணியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, மாநிலங்கள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்கின்றன. இங்கே இரண்டும் நிரலில் எழுதப்பட்டுள்ளன, நடைமுறைக்கு வரவில்லை. காணிக்கென அமைக்க வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு இன்று வரை அமைக்கப்படவில்லை. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்றே சொல்கிறது.

---

மதகடி

பாதை பற்றி மட்டும் எழுதுகிறேன், அதுவே போதுமான அளவு சிக்கல்.

இலங்கையில் வீதிகள் நான்கு கைகளில் இருக்கின்றன. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதாவது மத்திக்கு. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ7, பேராதனையிலிருந்து பதுளை போகும் ஏ5 எல்லாம் அதில் அடங்கும். சி, டி வகுப்பு மாகாண வீதித் திணைக்களத்துக்கு. அதற்குக் கீழே உள்ளவை மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. இந்த மூன்றிலும் அடங்காதது தோட்டப் பாதை. குத்தகை நிலத்துக்குள் கிடப்பதால் அதன் பராமரிப்பு கம்பனி தலையில்.

முன்பு சபை சொன்ன காரணத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை வைத்து, தோட்டக் குடியிருப்புக்குச் சபை நிதியைச் செலவழிக்க முடியாது என்று பொருள் கொள்ளப்பட்டு வந்தது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவுசெய்வார்கள், சபையோ அவர்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) ஒரு லைட் கூடப் போட முடியாது என்ற நிலை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இன்றைக்கு ஒரு சபை "சட்டம் விடவில்லை" என்று சொன்னால் அது பழைய பல்லவி. "நிலம் எங்களிடம் இல்லை" என்று சொன்னால் அது இன்னும் உண்மை.

செய்ய வேண்டியது இது. முதலில் பாதை யார் பதிவேட்டில் இருக்கிறது என்று எழுத்தில் எடுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். கேள்வியை ஆவணமாகக் கேளுங்கள். "ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டால் விளக்கம் எழுதி அனுப்பிவிடுவார்கள். "இன்ன சந்தியிலிருந்து இன்ன டிவிசன் வரையான பாதை உள்ள வீதிப் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி, இல்லையென்றால் இல்லை என்ற உறுதிப்படுத்தல்" என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை.

பதிவேட்டில் இருந்தால் வேலை முடிந்தது, அது சபையின் மதகு. இல்லாவிட்டால் இரண்டு வழி. கம்பனியைக் கொண்டு செய்விப்பது ஒன்று. சபை பாதையைப் பொறுப்பேற்கச் செய்வது மற்றது. இரண்டாவதற்குக் கம்பனியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். தோட்டத்துரை (தோட்ட முகாமையாளர்) தரும் கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள், துரை மாறினால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை என்பார்கள். கம்பனித் தலைமை அலுவலகக் கடிதம் வேண்டும், நிலச் சொந்தக்காரரான ஜனவசமவோ கூட்டுத்தாபனமோ ஆட்சேபனை இல்லை என்று சொல்லவும் வேண்டும். அதன் பிறகு சபைக் கூட்டத்தில் தீர்மானம், அளவை, பிரசித்தம். பல இடங்களில் இந்த வேலை துரையின் கடிதத்தோடு நின்று போகிறது. சபை உறுப்பினர் அறிவித்தல் பலகையும் நட்டுவிடுவார். அடுத்த வருடக் கணக்காய்வில் "சபைக்குச் சொந்தமில்லாத பாதைக்கு ஏன் செலவு?" என்று கேள்வி வந்ததும் வேலை பாதியில் நிற்கும்.

உங்கள் பகுதியில் எந்தச் சபை என்பதையும் சரிபாருங்கள். முன்பு நுவரெலியா பிரதேச சபை, அம்பகமுவ பிரதேச சபை என்று இரண்டு இருந்த இடத்தில் இப்போது ஆறு இருக்கின்றன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. பழைய கோப்பு பழைய சபையிலேயே கிடப்பது வழக்கம்.

சபை பதிலே தராவிட்டால் கொழும்புக்கு ஓட வேண்டாம். பிரதேச சபையை மேற்பார்வை செய்வது மாகாணம். மாவட்டத்தில் இருக்கும் உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்கு எழுதுங்கள்.

---

கொட்டகலைத் தூறல்

நன்றி அண்ணே. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று என்றுதான் இங்கே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் முதல் கடிதத்தைப் பிரதேச செயலாளருக்குத்தான் கொடுத்தோம்.

---

மதகடி

இரண்டும் வேறு மரங்கள். பிரதேச சபை வாக்கால் வருவது, மாகாணத்தின் மேற்பார்வையில் இருப்பது. பிரதேச செயலாளரும் கிராம உத்தியோகத்தரும் மத்திய அரசின் ஆட்கள், மாவட்டச் செயலாளருக்குக் கீழே வருவார்கள். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பழைய அரசாங்க அதிபரின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. மாகாணத்துக்குப் பகிர்ந்ததாகச் சொன்ன காலத்திலேயே கொழும்பின் கை கிராமம் வரை நீண்டது அப்படித்தான். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், அனர்த்த நிவாரணம் என்றால் பிரதேச செயலகம். குப்பை, தெருவிளக்கு, சிறு பாதை, சந்தை, மயானம் என்றால் பிரதேச சபை. குழப்பத்துக்கு இன்னொரு காரணம், வாகன வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் வரி, ஆனால் அதைக் கொடுக்கும் யன்னல் பிரதேச செயலகத்துக்குள் இருக்கிறது.

பிரதேச செயலாளருக்குக் கொடுத்த கடிதம் வீண் இல்லை. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டத்தை நடத்துவது அவர் அலுவலகம். சபை, கம்பனி, வீதி அதிகார சபை, மாகாணத் திணைக்களம் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். விடயத்தை நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லி எழுதுங்கள்.

---

வலயத்து வெண்கட்டி

ஆசிரியர் விடயம். பாடசாலை தேசியப் பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்பதில் எல்லாம் தொடங்குகிறது. தேசியப் பாடசாலை என்றால் இசுருபாய, கதை முடிந்தது. தோட்டப் பாடசாலைகள் அநேகமாக எல்லாமே மாகாணப் பாடசாலைகள். கடிதம் போக வேண்டிய வரிசை அதிபர், கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்விப் பணிப்பாளர் (உங்களுக்கு ஹட்டன் வலயமா நுவரெலியா வலயமா என்று பாருங்கள்), மாகாணக் கல்விப் பணிப்பாளர்.

இதற்குள்ளும் ஒரு பின்னல் இருக்கிறது. கட்டடம், தளபாடம், வலயத்துக்குள் ஆசிரியரை மாற்றுவது மாகாணத்தின் கையில். பாடத்திட்டமும் பாடப்புத்தகமும் பரீட்சையும் மத்தியின் கையில். வலயப் பணிப்பாளர் மாகாணத்துக்கு வேலை செய்தாலும் அகில இலங்கைச் சேவையைச் சேர்ந்தவர். பத்தனை ஸ்ரீபாத போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகள் மத்திய அமைச்சுக்கு உரியவை. அங்கிருந்து வெளியேறும் டிப்ளோமாதாரிகளை எந்த மாகாணத்துக்கு எத்தனை பேர் என்று பங்கிடுவதும் அமைச்சுதான். மாகாணம் தன்னிடம் வந்து சேர்ந்தவர்களைத்தான் பாடசாலைகளுக்குப் பிரிக்க முடியும்.

ஆகவே "ஆசிரியர் இல்லை" என்று மட்டும் எழுதினால் வலயம் "மாகாணத்துக்கு அறிவித்துள்ளோம்" என்று பதில் போட்டுவிட்டு இருந்துவிடும். வேறு மாதிரிக் கேளுங்கள். பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, பாடவாரியாக இருப்பவர் எத்தனை, அதே கோட்டத்தில் கணித, விஞ்ஞான ஆசிரியர் மேலதிகமாக உள்ள பாடசாலைகள் எவை? மூன்றும் வலயத்தில் இருக்கும் ஆவணங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால் பிரச்சினையின் பாதி அங்கேயே தெரியும். டவுன் பாடசாலையில் மேலதிகம், மேல் டிவிசனில் வெற்றிடம் என்ற நிலை இருந்தால் அது வலயமே தீர்க்கக்கூடியது, கொழும்பு தேவையில்லை. கோட்டம் முழுவதும் வெற்றிடம் என்றால்தான் மேலே போக வேண்டும்.

ஆங்கில மொழியில் எழுதினால்தான் எடுபடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வைத்தியசாலையும் ஏறக்குறைய இதே கதைதான். பிரதேச வைத்தியசாலைக் கட்டடம் மாகாணத்தினுடையது, வைத்தியருக்கு இடமாற்றம் போடுவது மத்திய அமைச்சு, மருந்து வருவதும் பெரும்பாலும் மத்திய விநியோகத்திலிருந்து. கண்டி தேசிய வைத்தியசாலை முழுக்க மத்திக்குரியது. தோட்ட டிஸ்பென்சரி கம்பனியின் பொறுப்பில் இருந்தால் மாகாணம் எட்டிப் பார்க்காது. ஆனால் குடும்பநல உத்தியோகத்தர் வரவில்லை, தண்ணீர் அசுத்தம் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள், அவர்களுக்குத் தோட்ட எல்லை என்று ஒன்று இல்லை.

---

ஊவாப் பனி

ஒரு சின்ன உதாரணம் சேர்க்கிறேன், இதை வைத்து ஆட்களுக்கு விளக்கினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மத்திய மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. அதே பஸ் வெலிமடையைத் தொட்டு பதுளைக்குப் போனால் மாகாண எல்லை தாண்டுகிறது, அனுமதி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். சிவப்பு பஸ் எங்கே ஓடினாலும் மத்தியின் இலங்கைப் போக்குவரத்துச் சபை. புகார் கொடுக்கும் முன் பஸ் எங்கே முடிகிறது என்று பார்த்தால் போதும்.

ஒன்பதாம் அட்டவணை அண்ணன் மாகாணத்தை ஒரேயடியாகச் சின்னதாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. மலையகப் பிள்ளைகளில் அநேகர் படிப்பது மாகாணப் பாடசாலையில். காய்ச்சல் வந்தால் போவது மாகாணத்தின் பிரதேச வைத்தியசாலைக்கு. அதிகாரம் போதவில்லை என்பதை விட, இருக்கிற அதிகாரத்தை யார் கேள்வி கேட்பது என்பதே இன்றைய பிரச்சினை.

---

ஒன்பதாம் அட்டவணை

ஊவாப் பனி சொல்வது நியாயம், அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன்.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21இல். 58 உறுப்பினர். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஊவாவின் 34 பேர் கொண்ட சபை 2014இல் தெரிவாகி 2019இல் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் தோற்கடித்தது. பழைய முறை நீங்கிவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. தேர்தல் அந்த இடைவெளியில் விழுந்தது.

சபை இல்லாவிட்டாலும் மாகாணம் இயங்குகிறது. ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. சபை இருந்தால் ஆளுநர் முதலமைச்சரும் கூடியது நான்கு அமைச்சர்களும் கொண்ட அமைச்சர் சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். சபை இல்லாதபோது ஆலோசனை சொல்ல ஆள் இல்லை, நிறைவேற்று அதிகாரம் முழுக்க ஆளுநரிடமும் அவருக்குக் கீழுள்ள பிரதம செயலாளரிடமும். புதிய நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) இயற்ற வழியில்லை. சபையில் எழும்பி "ஹட்டன் வலயத்துக்கு ஏன் இத்தனை வெற்றிடம்?" என்று கேட்க உறுப்பினரும் இல்லை. மத்தி நியமித்தவர் மாகாணத்தை நடத்தினால் அதை அதிகாரப் பகிர்வு என்று சொல்வதற்கு வாய் வரவில்லை.

இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. மாகாண நிரலில் உள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமானால் சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்ப வேண்டும். 2012இல் திவிநெகும (வாழ்வாதார அபிவிருத்தி) சட்டமூலம் வந்தபோது வடக்கில் சபை இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். அந்தச் சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடுதான் நிறைவேறியது. ஆளுநர் நிர்வாகம் செய்யலாம், சபையாக மாற முடியாது.

பணமும் அப்படியே. முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், வாகன வரி ஆகியவை மாகாண வருமானம், முதல் இரண்டும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளுக்குப் போய்விடும். சம்பளமும் அபிவிருத்தியும் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் மத்தி தரும் மானியத்தில் ஓடுகின்றன. நிதியாண்டு சனவரி முதல் திசெம்பர் வரை, செலவழியாத காசு திறைசேரிக்குத் திரும்பும். நவம்பரில் மதகு கேட்டால் அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை, ஏனென்றால் அடுத்த வருடத் திட்டம் அதற்குள் எழுதி முடிந்திருக்கும். ஆண்டின் நடுப்பகுதிக்குள் மதிப்பீட்டோடு கோரிக்கை உள்ளே போயிருக்க வேண்டும்.

---

படிக்கட்டு வழக்கு

மூன்றாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை, அதற்குத்தான் அவசரம் கூட.

மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை (அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யவோ தடுக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) வழங்கும் அதிகாரம் உண்டு, ஆனால் மாகாண நிரலில் உள்ள விடயங்களுக்கு மட்டும். இதே நுவரெலியா மாவட்டத்து ராகலை ஸ்டாஃபோர்ட் தோட்டத்தில் ஒரு குடியிருப்பாளருக்கு அரச காணியை மீளப்பெறும் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2013 செப்டெம்பர் 26இல் தீர்ப்பு வந்தது: அரச காணி மாகாண நிரலுக்குள் வரவில்லை, எனவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் (வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) இல்லை. மத்திய மாகாண சபைக்கும் வடக்குக்கும் வாக்களித்து ஐந்து நாள் கழித்து வந்த தீர்ப்பு. மாகாணத்தின் காணி அதிகாரம் எவ்வளவு என்ற தேசியக் கேள்விக்கு விடை எழுதப்பட்டது ஒரு தோட்டக் குடியிருப்பை வைத்து என்பது பலருக்குத் தெரியாது.

நடைமுறையில் இதன் பொருள், எழுத்தாணை வேண்டுமானால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். கண்டிக்குப் போய் நாளை வீணாக்கினால் அதற்குள் நீதவான் நீதிமன்றத்தில் வெளியேற்றும் விண்ணப்பம் வந்துவிடும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் நீதவானுக்கு முன் சொல்லக்கூடிய எதிர்வாதம் மிகக் குறுகியது: அரசு தந்த செல்லுபடியான எழுத்து மூல அனுமதி இருக்கிறதா இல்லையா. எத்தனை தலைமுறையாக இருந்தோம் என்பது அங்கே எடுபடாது.

அறிவித்தலின் முதல் பக்கத்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். இந்தச் சட்டம்தானா, அல்லது கம்பனி தன் பாட்டில் அடித்துக் கொடுத்த கடிதமா என்பதில் வழி முற்றாக மாறும். கடிதம் கிடைத்த திகதியைக் கடித உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. சம்பளச் சிட்டை, பழைய தோட்டப் பதிவு, வாக்காளர் இடாப்புப் பிரதி, வீட்டுக்கென்று தந்த எந்தத் துண்டுக் கடிதமும் இருந்தால் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

---

கொட்டகலைத் தூறல்

அறிவித்தலை இப்போது பார்த்தேன். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் என்றுதான் இருக்கிறது. நாளைக்கே ஹட்டனில் சட்டத்தரணியிடம் கூட்டிப் போகிறோம். பாதைக்கும் ஆசிரியருக்கும் தனித்தனி விண்ணப்பம் எழுதி இங்கே போடுகிறேன், திருத்தித் தாருங்கள்.

---

மதகடி

போடுங்கள் தம்பி. ஒரு கடிதத்தைப் பத்துப் பேருக்குப் பிரதியிட வேண்டாம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஒருவருக்கு முகவரியிட்டு, அவருக்கு மேலுள்ள ஒருவருக்கு மட்டும் பிரதி. பதிவுத் தபால் ரசீதைச் சங்கக் கோப்பில் ஒட்டி வையுங்கள்.